கோல்ஃப் ஸ்விங்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வேலை பார்த்த 11 வருடத்தில் கோல்ஃப் பழகினேன். அப்புறம் அப்பாவைப் பார்த்துக்கொள்ள மஞ்சக்குப்பத்துக்கே திரும்பி வந்துவிட்டேன், ஆனால் ஆட்டத்தை விட மனசு வரவில்லை. விடியற்காலையில் கிளப்பை (கோல்ஃப் மட்டையை) தூக்கிக்கொண்டு சில்வர் பீச் பக்கம் நடப்பதைப் பார்த்து ஒவ்வொருவராக நின்று விசாரித்தார்கள்; இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு பேர் சேர்ந்து பழகுகிறோம், புதுச்சேரியிலிருந்து இரண்டு பேர் முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்டது, போனில் நண்பர்கள் கேட்டது எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். எல்லாமே வலக்கைக்காரருக்கு எழுதியது. இடக்கைக்காரர்கள் வலது இடதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கோல்ஃப் மைதானமே இல்லை. இங்கே இருந்துகொண்டு ஸ்விங்கை, அதாவது வீச்சை, எப்படிச் சரிசெய்வது?

நம் பக்கத்து ஆட்கள் ஆட வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சென்னை நந்தனத்தில் ஆடுகிறார்கள், இல்லையென்றால் கோடை விடுமுறையில் கொடைக்கானலோ ஊட்டியோ போகும்போது ஆடிவிட்டு வருகிறார்கள். அது குறைதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிளப்பைப் பின்னால் கொண்டுபோய்ப் பந்தைத் தொடுவதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது, ஒரு ஆட்டத்தில் 100 அடி அடித்தாலும் வீச்சு என்று நடப்பது மொத்தம் 2 நிமிடம் தேறாது. மீதி நாலு மணி நேரமும் நடை, காத்திருப்பு, பேச்சு. அந்த 2 நிமிடத்துக்கு உடம்பைத் தயார்செய்கிற வேலைக்குப் புல்வெளி தேவையில்லை. மொட்டை மாடியில் தினமும் 15 நிமிடம், வாரம் ஒருமுறை கடற்கரை மணல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னையில் ஒரு வகுப்பு, அதே நாளில் டிரைவிங் ரேஞ்சில் (பந்தை அடித்துப் பழகுவதற்கென்றே இருக்கிற திடலில்) ஒரு கூடை நிறையப் பந்துகளை அடிப்பது. நான் இப்படித்தான் செய்கிறேன், மைதானத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்த காலத்தைவிட இப்போதுதான் என் வீச்சு ஒழுங்காக இருக்கிறது. காரணம், பந்து இல்லாதபோது பந்து எங்கே போகிறது என்ற பதற்றம் இல்லை. கை கால் என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனிக்க முடிகிறது.

பயிற்சியாளரிடம் போகத்தான் வேண்டுமா? யூடியூபில் எல்லாமே இருக்கிறதே?

இருக்கிறது. எல்லாமே இருப்பதுதான் சிக்கல். உங்களுடைய கோளாறு என்ன என்று வீடியோவில் பேசுகிறவருக்குத் தெரியாது. பந்து வலப்பக்கம் போகிறவருக்கான மருந்தை இடப்பக்கம் போகிறவர் எடுத்துக்கொண்டால் நோய் முற்றும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. நாம் செய்வதாக நினைப்பதும் உண்மையில் செய்வதும் வேறுவேறாக இருக்கும். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார். பின்வீச்சைத் தோள் உயரத்தோடு நிறுத்துங்கள் சார் என்று மூன்று வாரம் சொன்னேன், "தம்பி, நான் பாதிதான் தூக்குகிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போனில் எடுத்துக் காட்டினேன். கிளப்பின் கம்பி அவர் கழுத்துக்குப் பின்னால் சுற்றி இடத்தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நானா?" என்று கேட்டார். அதற்கப்புறம் இடுப்பு உயரத்தில் நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு வீசச் சொன்னேன், சரியாகத் தோள் உயரத்தில் வந்து நின்றது. இந்த இடைவெளியை வெளியிலிருந்து பார்க்கிற ஒரு கண்தான் சொல்ல முடியும்.

இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் எஸ்.எஸ்.பி. சௌராசியா போல யாரிடமும் முறையாகக் கற்காமல் வந்தவர்களும் உண்டு. ஆனால் அவருடைய அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் மைதானப் பராமரிப்பாளர். 1829இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் மைதானத்தில் நல்ல ஆட்டக்காரர்களைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. மறுபக்கம் ஜாக் நிக்லாஸைப் பாருங்கள், பெரும் போட்டிகளான மேஜர்களை 18 முறை வென்றவர், ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் தன் சிறு வயது ஆசிரியர் ஜாக் கிரௌட்டிடம் போய்ப் பிடியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

வகுப்புக்குப் போனால் என்ன கேட்க வேண்டும்?

நான் போன முதல் வகுப்பில் அந்தப் பயிற்சியாளர் ஒரு மணி நேரத்தில் பிடி, நிற்கும் முறை, முழங்கை, இடுப்பு, தலை, மணிக்கட்டு, முடிப்பு என்று எல்லாவற்றையும் திருத்தினார். அங்கே இருந்தவரை நன்றாகத்தான் அடித்தேன். மறுநாள் தனியாக நின்றபோது ஒன்றும் நினைவில் இல்லை. எதை முதலில் செய்வது என்றே புரியவில்லை. அதனால் இப்போது யாரை அனுப்பினாலும் மூன்று விஷயம் சொல்லி அனுப்புகிறேன். "என் வீச்சில் முதலில் திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதற்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு பயிற்சி கேளுங்கள். கடைசி 10 நிமிடத்தில் அந்தப் பயிற்சியை நீங்கள் செய்ய, அவர் பக்கத்தில் நின்று பேச, உங்கள் போனிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். ஊருக்கு வந்த பிறகு அடுத்த வகுப்பு வரை உங்களுக்கு அந்தப் பதிவுதான் துணை.

ஒரு வாரத்துக்குள் அடுத்த வகுப்பு வேண்டாம். உடம்பு பழகுவதற்கு ஆறேழு வாரமாவது கொடுங்கள். பணமும் மிச்சம்.

பிடி அவ்வளவு முக்கியமா?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறே அங்கேதான். கிளப்புக்கும் உடம்புக்கும் இருக்கிற ஒரே தொடர்பு கைதான், அது கோணலாக இருந்தால் மீதி உடம்பு முழுவதும் அதைச் சமாளிக்கிற வேலையிலேயே போய்விடும்.

இடக்கையைத் தொங்க விடுங்கள், எப்படித் தொங்குகிறதோ அப்படியே கிளப்பின் மேல் வையுங்கள். பிடி உள்ளங்கையின் நடுவில் போகக் கூடாது, விரல்களின் அடிப்பக்கமாகப் போக வேண்டும்: ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் தொடங்கிச் சுண்டு விரலின் அடிவரைக்கும் குறுக்காக. மூடிவிட்டுக் குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு மூட்டு தெரிய வேண்டும், இரண்டரை என்றாலும் சரி. ஒன்றுதான் தெரிகிறது என்றால் பந்து வலப்பக்கம் வளைந்துகொண்டே போகும், நாலும் தெரிந்தால் இடப்பக்கம். அப்புறம் வலக்கையையும் விரல்களாலேயே பிடித்து, அதன் உள்ளங்கை ரேகைக் குழியை இடது கட்டைவிரலின் மேல் மூடுங்கள். வலது சுண்டு விரலை இடக்கை விரல்களின் இடுக்கில் மேலாக வைப்பதா, ஆள்காட்டி விரலோடு கோர்ப்பதா என்று கேட்பார்கள். எது கைக்கு வசதியோ அது. சிறிய கை, சிறிய விரல் உள்ளவர்களுக்குக் கோர்ப்பது எளிது.

இறுக்கம் எவ்வளவு? சாலையைக் கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடிப்போமே, அவ்வளவு. விடவும் மாட்டோம், நசுக்கவும் மாட்டோம். பதற்றத்தில் எல்லோருக்கும் பிடி இறுகும், முன்கை கல்லாகும், கிளப்பின் தலை திரும்பாது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் கிளப்பின் தலையைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, அதன் எடை கையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் இறுக்கிவிட்டீர்கள்.

டிவி பார்க்கும்போது கிளப்பை மடியில் வைத்துக்கொண்டு பிடிப்பதும் விடுவதுமாக ஒரு வாரம் செய்யுங்கள். சரியான பிடி முதலில் அசௌகரியமாகத்தான் இருக்கும். வசதியாக இருந்தால் பழைய பிடிக்கே போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது சீக்கிரம் வருமா?

பந்தைக் கண்ணால் பிடிப்பது, முன்காலுக்கு எடை மாற்றுவது, இடுப்பைச் சுழற்றுவது எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும். தொல்லை கொடுப்பது இரண்டு பழக்கம். ஒன்று, பந்தை நோக்கி உடம்பை முன்னால் தள்ளுவது; அங்கே பந்து நம்மைத் தேடி வருகிறது, இங்கே அசையாமல் கிடக்கிறது, நாம் போய்ச் சந்திக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கவர் டிரைவில் மட்டையின் முகத்தைத் திறந்தபடியே பிடித்துக் கொண்டுபோகிற பழக்கம். கோல்ஃபில் முன்கை சுழன்று கிளப்பின் முகம் மூட வேண்டும், இல்லையென்றால் பந்து பறந்து வலப்பக்கம் விழும். அண்ணா ஸ்டேடியத்தில் லீக் ஆடிய பையன் ஒருவன் எங்களோடு பழகுகிறான், அவனுக்கு இதை மாற்றவே இரண்டு மாதம் ஆயிற்று. சிலம்பம் சுற்றியவர்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம், அவர்களுக்கு மணிக்கட்டு தானாகவே தளர்வாக இருக்கிறது.

எனக்குப் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து போகிறது. ஏன்?

இதைத்தான் ஸ்லைஸ் என்கிறோம், புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நோய். காரணத்தைப் புரிந்துகொண்டால் மருந்து தானாகக் கிடைக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பந்தைத் தொடுகிற கணத்தில் இரண்டு விஷயம் நடக்கிறது: கிளப்பின் முகம் ஒரு திசையைப் பார்க்கிறது, கிளப் ஒரு பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. பந்து கிளம்புகிற திசையைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. முகமும் பாதையும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் பந்து சாய்ந்து சுழன்று வளைகிறது. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும், அவ்வளவுதான்.

இப்போது பாருங்கள், பந்து வலப்பக்கம் போகிறதே என்று நாம் என்ன செய்கிறோம்? இடப்பக்கமாகத் திரும்பி நின்று, இடப்பக்கமாக இழுத்து அடிக்கிறோம். அதனால் பாதை இன்னும் இடப்பக்கம் போகிறது, முகத்துக்கும் பாதைக்கும் இருக்கிற இடைவெளி கூடுகிறது, வளைவு முன்னைவிட மோசமாகிறது. இன்னும் இடப்பக்கம் திரும்புகிறோம். இந்தச் சுழலில் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கே மூன்று வருடம் போயிற்று.

வெளியே வர, முதலில் பிடி: மேலே சொன்ன இரண்டு மூட்டு தெரிகிறதா பாருங்கள். அடுத்தது தோள்: காலை நேராக வைத்துக்கொண்டு தோளை மட்டும் இடப்பக்கம் திறந்து நிற்பவர்கள் அதிகம், யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம்தான் பாதை. மாடியில் பந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாணயம் வையுங்கள். நாணயத்துக்கு ஒரு அடி பின்னால், உங்களிடமிருந்து இன்னும் நாலு விரற்கடை தள்ளி, காலியான தண்ணீர் பாட்டிலை நிறுத்துங்கள். தோளால் இழுத்து வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் கிளப் பாட்டிலைத் தட்டும். பாட்டிலைத் தொடாமல் அதன் உள்பக்கமாக வந்து நாணயத்தின் மேல் போகப் பழகுங்கள். மெதுவாக, பாதி வேகத்தில். முதல் நாள் பாட்டில் பத்து முறை உருளும், பரவாயில்லை, தட்டியது காதில் கேட்கிறதே அதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

பந்துக்கு முன்னாலேயே தரையில் அடித்துவிடுகிறேன். சில நேரம் பந்தின் தலையில் பட்டு உருண்டு போகிறது.

இரண்டும் வேறு நோய்போலத் தெரியும், வேர் ஒன்றுதான். வீச்சு என்பது ஒரு வட்டத்தின் பகுதி, அந்த வட்டத்துக்கு ஒரு அடிப்புள்ளி உண்டு. அயர்ன் எனப்படும் இரும்புத் தலைக் கிளப்புகளில் அந்த அடிப்புள்ளி பந்தைத் தாண்டி, இலக்குப் பக்கமாக ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது முதலில் பந்து, அப்புறம் தரை. எடை வலக்காலிலேயே தங்கிவிட்டால் அடிப்புள்ளியும் பின்னாலேயே தங்கிவிடும். தரையில் இடிப்பீர்கள், அல்லது இடித்துவிடுவோமோ என்று உடம்பு தானாக எழும்பி, ஏறுகிற கிளப் பந்தின் தலையில் படும். பந்தைக் கீழேயிருந்து தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எடை பின்னால் நிற்கிறது. தூக்க வேண்டாம். 7 அயர்னின் முகம் ஏறக்குறைய 30 பாகை சாய்ந்தேதான் செய்யப்பட்டிருக்கிறது, அது தூக்கிக்கொள்ளும்.

இதற்கு நம் ஊரில் கிடைக்கிற மணலைப்போல ஒரு ஆசிரியர் எங்கேயும் கிடையாது. சில்வர் பீச்சில் அலை நனைக்கிற இடத்துக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவில், காலை வைத்தால் தடம் பதிந்து ஆனால் சரியாத மணல் ஒரு பட்டையாக இருக்கும். அங்கே போங்கள். அலையை ஒட்டிய மணல் இறுகியிருக்கும், மணிக்கட்டு அதிரும். மேலே இருக்கிற காய்ந்த மணலில் தடம் நிற்காது. கிளப்பின் அடியால் இலக்குக்குக் குறுக்காக, உங்கள் காலிலிருந்து எதிர்ப்பக்கமாக ஒரு கோடு போடுங்கள், ஐந்து அடி நீளம். கோட்டை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, முதல் வீச்சு கோட்டின் தூரத்து முனையில் படும்படி நில்லுங்கள். பந்து வேண்டாம். கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்து வீசுங்கள், ஒவ்வொரு வீச்சுக்கும் கோட்டோடு அரையடி பின்னால் நகர்ந்துகொள்ளுங்கள். பத்து வீச்சு முடிந்ததும் நிமிர்ந்து பாருங்கள்.

மணலில் பத்துத் தடம் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு தடமும் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கமாகப் போயிருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கியிருந்தால் அது நீங்கள் பந்தைத் தொடும் முன்பே தோண்டிய தோண்டல். தடம் எவ்வளவு ஆழம் என்றும் பாருங்கள், தோசைத் திருப்பி கல்லோடு ஒட்டிப் போகிற மாதிரி மெல்லிசாகச் சீவியிருக்க வேண்டும், பள்ளம் பறித்திருக்கக் கூடாது. அப்புறம் தடத்தின் திசை: நேராகப் போகாமல் உங்கள் இடப்பக்கமாக வளைந்திருந்தால் மேலே சொன்ன வெட்டுப் பாதை இன்னும் இருக்கிறது. ஒரே கோட்டில் எடை, ஆழம், பாதை மூன்றையும் மணல் எழுதிக் காட்டிவிடுகிறது. நான் போட்டோ எடுத்துவைத்துக்கொள்கிறேன், தேதியோடு.

கோடு சரியாக வராதவர்களுக்கு ஒரு வழி: நிற்கும்போதே எடையை முக்கால்வாசி இடக்காலில் போட்டுவிட்டு, வலக்கால் குதியைத் தூக்கி விரலை மட்டும் ஊன்றிக்கொண்டு அரை வீச்சு வீசுங்கள். தடம் உடனே முன்னால் நகரும். அந்த உணர்வைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் பந்தை வைத்து அடிக்கலாமா?

கூடாது. 45 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து, யார் தலையில் பட்டாலும் உயிருக்கே ஆபத்து. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், குழந்தைகள், தேவனாம்பட்டினத்து மீனவர்கள் எல்லோரும் நடமாடுகிற இடம் அது. கிளப்பை வீசுவதுகூட விடிகிற நேரத்தில், வலையும் படகும் இல்லாத இடமாகப் பார்த்து, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான். போட்ட கோட்டையும் பள்ளத்தையும் காலால் மூடிவிட்டு வாருங்கள். மாசி மகத்தன்று பக்கத்திலேயே போக வேண்டாம், அன்றைக்குக் கடற்கரை முழுக்க சாமியும் சனமும்தான். பந்து வேண்டுமென்றால் மாடியில், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தோ ஸ்பாஞ்ச் பந்தோ வைத்து அடியுங்கள், கைப்பிடிச் சுவருக்குள் வலை கட்டி.

மொட்டை மாடியில் வேறு என்னென்ன செய்யலாம்?

நான் விடாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

துண்டு. ஒரு குளியல் துண்டை மார்புக்குக் குறுக்காக இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு அரை வீச்சு. கை தனியாகவும் உடம்பு தனியாகவும் போனால் துண்டு விழும். முழு வீச்சில் இதைச் செய்யாதீர்கள், முழு வீச்சில் கை கொஞ்சம் பிரியத்தான் வேண்டும்.

சுவர். சுவருக்கு முதுகு காட்டி, புட்டம் லேசாகத் தொடும்படி குனிந்து நில்லுங்கள், கையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பும்போது வலப் புட்டம் சுவரில் அழுந்த வேண்டும், முன்னால் வரும்போது இடப் புட்டம் அந்த இடத்துக்கு வர வேண்டும். சுவரை விட்டு விலகினால் பந்தை நோக்கி இடுப்பைத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, இந்த ஒரு பயிற்சி செய்கிற உதவி பெரிது.

சத்தம். கிளப்பைத் தலைகீழாகத் திருப்பி, தலைப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீசுங்கள். மெல்லிய மூங்கில் குச்சியும் போதும். 'விஷ்' என்ற சத்தம் எங்கே கேட்கிறது? பந்து இருக்கிற இடத்திலும் அதைத் தாண்டியும் கேட்க வேண்டும். வலத்தோள் பக்கமே கேட்டுவிட்டால் பலத்தை மேலேயே செலவழித்துவிட்டீர்கள். இதைச் செய்ய ஆரம்பித்தால் நிறுத்த மனசு வராது, பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

இரண்டு காலையும் சேர்த்துவைத்து வீசுவது இன்னொன்று. நிலைதடுமாறினால் வேகம் அதிகம். தடுமாறாமல் எவ்வளவு வேகத்தில் வீச முடிகிறதோ அதுதான் உங்கள் வேகம். அதோடு எண்ணிக்கை: நல்ல ஆட்டக்காரர்களின் பின்வீச்சு நேரமும் கீழ்வீச்சு நேரமும் ஏறக்குறைய 3க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி பின்னால் போய், நான்கில் பந்து. வாய்விட்டு எண்ணுங்கள்.

தலையை அசைக்கவே கூடாதா?

நிக்லாஸ் சிறுவனாக இருந்தபோது அவருடைய முன்முடியை உதவியாளரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான் கிரௌட் பழக்கினார். தலை பக்கவாட்டில் ஓடக் கூடாது, ஏறி இறங்கக் கூடாது, அதுவரை சரி. ஆனால் பந்து போன பிறகும் தலையைக் கீழேயே ஆணியடித்த மாதிரி வைத்திருந்தால் உடம்பு சுழலாமல் நின்றுவிடும், முதுகுதான் பிடித்துக்கொள்ளும். பந்து கிளம்பியதும் தலையும் தோளோடு திரும்பட்டும்.

போனில் எடுத்துப் பார்ப்பது எப்படி?

இரண்டு கோணம் போதும். நேர் எதிரே, உங்கள் மார்புக்கு எதிராக ஒன்று. இலக்குக்கு எதிர்ப்பக்கத்தில், பின்னாலிருந்து உங்கள் கைக்கும் இலக்குக்கும் நேர்கோட்டில் ஒன்று. போன் கை உயரத்தில் இருக்க வேண்டும், தரையில் சாய்த்துவைத்து எடுத்தால் கோணம் ஏமாற்றும். ஸ்லோ மோஷனில் எடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், மாடியில் சுண்ணாம்பால் குறி போட்டுவைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் போன மாதத்தோடு ஒப்பிட முடியும். தினமும் எடுக்க வேண்டாம், வாரம் ஒருமுறை.

டிரைவிங் ரேஞ்சில் எத்தனை பந்து அடிக்க வேண்டும்?

ஐம்பது. சென்னை வரைக்கும் போய்விட்டோமே என்று 200 பந்து அடித்துவிட்டு மறுநாள் தோளைத் தூக்க முடியாமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் 20 பந்தை அரை வீச்சில், வகுப்பில் சொன்ன அந்த ஒன்றுக்காக மட்டும் அடியுங்கள். மீதியில் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்றுங்கள், இலக்கை மாற்றுங்கள். ஒரே கிளப்பால் ஒரே இடத்துக்கு முப்பது பந்து அடித்தால் பதினைந்தாவது பந்திலிருந்து அழகாகப் போகும், வந்துவிட்டது என்று தோன்றும், மைதானத்தில் இறங்கினால் இருக்காது. ஏனென்றால் மைதானத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் நின்று இலக்கைப் பார்த்துவிட்டு வந்து அடிப்பது அலுப்பாகத்தான் இருக்கும், பலன் அதில்தான்.

கிளப் செட் வாங்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், பழகுவதற்கு ஒரு 7 அயர்ன் போதும். என் இப்போதைய 7 அயர்ன் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய டென்னிஸ் மட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. கைப்பிடி ரப்பர் மட்டும் காய்ந்து கண்ணாடிபோல வழுக்கியது, அதை மாற்றினேன். பழைய கிளப் வாங்கினால் ரப்பரைத்தான் முதலில் பாருங்கள், வழுக்குகிற கைப்பிடியை யாரும் மெதுவாகப் பிடிக்க முடியாது. நம் ஊர் வியர்வைக்குக் கையுறை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

டிரைவரை ஆறு மாதம் தொட வேண்டாம். நீளமான கிளப், முகமும் அதிகம் சாயாதது, சின்னக் கோளாறையும் பெரிதாக்கிக் காட்டும்.

இடக்கைக்காரர் எந்தப் பக்கம் நின்று ஆட வேண்டும்?

எந்தப் பக்கம் இயல்பாக வருகிறதோ அந்தப் பக்கம். அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் மற்ற எல்லாவற்றுக்கும் வலக்கைக்காரர்தான், அப்பாவுக்கு எதிரே நின்று கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்துக் கற்றதால் இடப்பக்கம் ஆடுகிறார். என்ன, இங்கே பழைய இடக்கைக் கிளப் கிடைப்பது கஷ்டம்.

பிள்ளைகளை எப்போது சேர்க்கலாம்? பெண் பிள்ளைக்கு இது சரிவருமா?

ஏன் சரிவராது? டோக்கியோ ஒலிம்பிக்கில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவது இடம் பிடித்த அதிதி அசோக் பெங்களூருப் பெண். ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு ரேஞ்சுக்குப் போனதுதான் தொடக்கம். டோக்கியோவில் அவருடைய கிளப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் அவர் அம்மா. ஆறேழு வயதில் ஆரம்பிக்கலாம், ஆனால் பெரியவர்களின் கிளப்பை வெட்டிக் கொடுக்காதீர்கள், கம்பி விறைப்பாகவும் தலை கனமாகவும் இருக்கும், பிள்ளை உடம்பைக் கோணி வீசப் பழகிவிடும். பிள்ளைகளுக்கென்று வருகிற இலேசான கிளப் வாங்குங்கள். மணலில் கோடு போட்டு விளையாடச் சொல்லுங்கள், திருத்தம் ரொம்பச் சொல்ல வேண்டாம், பார்த்ததை அப்படியே செய்துவிடும்.

பழக ஆரம்பித்ததிலிருந்து முழங்கை வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது.

நிறுத்துங்கள், இரண்டு வாரம் கிளப்பைத் தொடாதீர்கள். குறையவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள். முழங்கையின் உள்பக்க வலி பெரும்பாலும் இறுக்கமான பிடியாலும், கெட்டித் தரையில் திரும்பத் திரும்ப இடிப்பதாலும் வருவது. மாடியில் சிமென்ட் தரையில் கிளப்பை மோதாதீர்கள், தடித்த கயிற்று மிதியடி போட்டுக்கொள்ளுங்கள். வீசுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் தோளிலும் இடுப்பிலும் சூடேற்றுங்கள். எழுந்ததும் நேரே போய் வீசுகிறவர்களுக்குத்தான் இடுப்பு பிடிக்கிறது.

மழைக்காலத்தில்?

ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரையை மறந்துவிடுங்கள். துண்டும் சுவரும் கூடத்திலேயே செய்யலாம். பாயில் இரண்டு தீப்பெட்டியை நிறுத்தி, நடுவில் பட்டரால் (பந்தை உருட்டுவதற்கென்றே இருக்கிற கிளப்பால்) பந்தை உருட்டிப் பழகுங்கள்.

எத்தனை நாளில் முன்னேற்றம் தெரியும்?

பந்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் முதல் மாதம் மோசமாகத்தான் தெரியும், பழையது போய்ப் புதியது இன்னும் வராத காலம் அது. அந்த நேரத்தில்தான் பலர் பழைய வீச்சுக்கே திரும்பிவிடுகிறார்கள். அதனால் பந்தைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். அந்த வங்கி மேலாளர் தை மாதம் முதல் ஞாயிறு போட்ட பத்துத் தடத்தில் இரண்டுதான் கோட்டுக்கு முன்னால் இருந்தது, மற்றதெல்லாம் பின்னால், ஒன்று கணுக்கால் புதைகிற பள்ளம். சித்திரை பிறந்த வாரம் ஏழு. கடைசித் தடத்தைக் குனிந்து விரலால் அளந்து பார்த்துவிட்டு, மூடாமல் அப்படியே விடலாமா தம்பி, வீட்டில் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்றார். அலை வந்துவிடும் சார், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.